பெயரைத் துறந்தவர்கள்

பலர் கூடித் தாங்கிய ஒரு பெயர், அவர்களுள் ஒருவர் மறைந்தபின் யாருக்குச் சொந்தம்? எஞ்சியோர் அதனை எடுத்தாள்வது முறையாகுமா? இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தோன்றிய ராக் இசைக்குழு ஒன்றின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

'ஜாய் டிவிஷன்' என்பது அக்குழுவின் பெயர். இயன் கர்ட்டிஸ் பாடினார். பாடல் வரிகளை எழுதியவரும் அவரே. பெர்னார்ட் சம்னர் கிட்டாரும், பீட்டர் ஹுக் பேஸ் கிட்டாரும், ஸ்டீபன் மோரிஸ் டிரம்ஸும் இசைத்தனர். வலிப்பு நோயாலும் மனத்துயராலும் அல்லலுற்ற கர்ட்டிஸ், 1980 மே 18 அன்று தம் 23ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாள் குழுவினர் அமெரிக்கப் பயணம் புறப்படுவதாக இருந்தது.

நால்வருள் எவர் பிரிந்தாலும் மற்றவர் அப்பெயரைப் பயன்படுத்துவதில்லை என்று அவர்கள் முன்னரே உடன்பட்டிருந்தனர். பெயர் புகழ் எய்தத் தொடங்கிய வேளையிலும் மூவரும் சொல் தவறவில்லை. வணிகக் கண்கொண்டு நோக்குவோர்க்கு இது பேதைமை. ஆனால், நால்வரின் பெயரை மூவர் சூடுவது, இல்லாதவரை இருப்பவராகக் காட்டும் பொய்யன்றோ?

'நியூ ஆர்டர்' என்ற புதுப்பெயருடன் அவர்கள் மீண்டும் தொடங்கினர். சம்னர் பாடகரானார், கில்லியன் கில்பர்ட் குழுவில் இணைந்தார். 1981இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் 'செரிமனி' என்னும் பாடல், கர்ட்டிஸ் இருந்தபோதே உருவானது. அதன் வரிகள் எழுத்தில் இல்லை. தெளிவற்ற ஒலிப்பதிவை ஒலிதிருத்தும் கருவியில் இட்டு, நண்பனின் குரலிலிருந்து சொற்களைப் பிரித்தெடுத்தார் சம்னர். பெயரைத் துறத்தல் வேறு, நினைவைத் துறத்தல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? 1983இல் வந்த 'புளூ மண்டே' அவர்களை உலகறியச் செய்தது. அது முற்றிலும் புதியதோர் இசை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மனத்துக்கு இனிதாக இருந்திருக்கும். 2007இல் ஹுக் பிரிந்தார். 2011இல் மற்றவர்கள் அவரின்றியே 'நியூ ஆர்டர்' என்ற பெயரில் மேடையேறினர். அப்பெயரால் வரும் வருவாய் குறித்து எழுந்த வழக்கு 2017இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால், மறைந்த தோழனுக்காக ஒரு பெயரை ஒருமனத்துடன் விட்டவர்களே, உயிரோடிருக்கும் தோழர்களோடு மற்றொரு பெயருக்காக வழக்காட நேர்ந்தது ஏன் என்பது சிந்தனைக்குரியது.

இறந்தவர் நம்மை எதிர்த்துப் பேசுவதில்லை, பங்கு கேட்பதுமில்லை. ஆகவே அவர்க்கு விட்டுக்கொடுக்கையில் நம் உள்ளம் எளிதில் உயர்ந்து நிற்கிறது. இருப்பவரோ கேட்கிறார், மறுக்கிறார், பழைய காயங்களை நினைவூட்டுகிறார். நம் நேர்மை உரைத்துப் பார்க்கப்படுவது அங்கேதான். கல்லறைமுன் காட்டும் பெருந்தன்மையில் ஒரு சிறு பகுதியையேனும், நம்மோடு ஒரே மேசையில் அமர்ந்திருப்பவர்க்கும் காட்டினால் என்ன?