தயக்கத்துக்குப் பின்னால் மூன்று கேள்விகள்

மணமுறிவு பெற்று, பிள்ளையைத் தனியாக வளர்க்கும் கிறிஸ்தவரின் மனத்தில் மீண்டும் அன்பு அரும்பும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன: திருச்சபை ஏற்குமா? சட்டம் இடம் தருமா? பிள்ளை என்ன நினைக்கும்?

திருச்சபைகளின் நிலைப்பாடு ஒன்றாக இல்லை. மத்தேயு 19ஆம் அதிகாரம் மணமுறிவைக் கண்டித்தாலும், துணையின் ஒழுக்கக்கேட்டை விலக்காகக் குறிப்பிடுகிறது. இதைக் கொண்டு சீர்திருத்தச் சபைகள் பல மறுமணத்துக்கு வழிவிடுகின்றன. கத்தோலிக்கரோ, முந்தைய துணை உயிரோடிருக்கையில், அவருடன் நடந்த திருமணம் தொடக்கம் முதலே செல்லாதது என்ற திருச்சபை நீதிமன்றத் தீர்ப்பைப் பெறவேண்டும். 2015இல் போப் பிரான்சிஸ் இந்த நடைமுறையை எளிதாக்கினார்.

இந்தியாவில் கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் பொருந்துகிறது. 2001ஆம் ஆண்டின் திருத்தம், இருவரும் மனமொத்துப் பிரிய வழிசெய்தது. திருச்சபைத் தீர்ப்பு மட்டும் சட்டப்படி மணத்தை முறிக்காது. நீதிமன்ற ஆணை வேண்டும். மேல்முறையீட்டுக் காலமும் முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியே கடினமானது. அப்பாவும் அம்மாவும் மறுபடி சேர்வார்கள் என்ற நம்பிக்கை பிள்ளையின் மனத்தில் நெடுநாள் இருக்கக்கூடும். புதியவரை நேசித்தால், பிரிந்துபோனவருக்குத் துரோகம் செய்வதாகவும் அது அஞ்சலாம். ஆகவே, உறவு உறுதிப்பட்ட பிறகே அறிமுகம் செய்வதும், புதியவரை உடனே அப்பா, அம்மா என்று அழைக்கச் சொல்லாதிருப்பதும் நல்லது.

தயங்குவது விசுவாசக் குறைவாகாது. போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ ஆலோசித்து, சட்டநிலையைச் சரிபார்த்து, பிள்ளைக்குக் காலம் கொடுத்து முடிவெடுப்பதே பொறுப்பான வழி.