மகரந்தமும் பழவினையும்

மகரந்த ஒவ்வாமை என்பது, கெடுதல் செய்யாத ஒன்றைக் கெடுதலாக உடல் எடுத்துக்கொள்வதால் வரும் நோய். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் அது பூவையும் காற்றையும் ஒட்டி வந்து போகும். கண்மாய்க்குள்ளும் கரையிலும் சீமைக்கருவேலம் வெளிர்மஞ்சள் கதிர்விட்டு நிற்கும். ரயில்பாதை ஓரத்திலும் தரிசிலும் பார்த்தீனியம், கொல்லைப்புறத்தில் ஆமணக்கு, வரப்பில் அறுகு. இந்தியாவில் ஒவ்வாமை தருவதாகக் கண்டறியப்பட்ட மகரந்தங்களில் இந்த நான்குமே உண்டு. அடுக்குத் தும்மல், தண்ணீராய் மூக்கொழுகல், கண்ணிலும் அண்ணத்திலும் நமைச்சல், சிலருக்கு ராத்திரியில் இழுப்பு என்று நோய் வெளிப்படும். ஊரில் இதற்கு ‘டஸ்ட் அலர்ஜி’ என்று பெயர். சித்த மருத்துவர் பீனிசம் என்பார். காய்ச்சல் இருக்காது, ஆள் படுக்கையில் விழவும் மாட்டார். தும்மலுக்கெல்லாம் லீவா என்று கேட்க இடம் கொடுக்கிற நோய் இது.

உயிரை எடுக்காமல், வருஷந்தோறும் தவறாமல் திரும்பி வரும் இந்தத் துன்பத்தைச் சமயச் சிந்தனையில் எங்கே வைப்பது என்பது எளிதில் தீராத கேள்வி. நோய்க்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்குப் பின்னால் பொறுப்பாளி ஒருவர் உண்டு என்பதே வழக்கமான எண்ணம். பழவினை, தெய்வக் குற்றம், கண்ணேறு என்று அந்தப் பொறுப்பாளிக்கு வெவ்வேறு பெயர்கள் இருக்கின்றன. மகரந்த ஒவ்வாமையிலோ பூ யாருக்கும் தீங்கு செய்யவில்லை. உடலும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்க்கிறது. இந்தத் துன்பத்தை யார் கணக்கில் எழுதுவது?

பூ குற்றமற்றது என்று மருத்துவம் கண்டுகொள்ளவே வெகுகாலம் ஆயிற்று. 1819-இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், கோடைதோறும் தம் கண்ணும் மூக்கும் நெஞ்சும் பட்ட பாட்டை ஒரு தனி நோயாக விவரித்தார். கோடை வெப்பமே காரணம் என்று நினைத்தார். மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி மகரந்தத்தைத் தம் மீதே சோதித்துப் பார்த்து, 1873-இல் வெளியிட்ட நூலில் அதுவே காரணம் என்று காட்டினார். வியன்னாவின் கிளமென்ஸ் ஃபொன் பிர்கே 1906-இல் ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கினார். ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதம் 1960-களின் பிற்பகுதியில் அடையாளம் காணப்பட்ட பிறகுதான் உள்ளே நடப்பது விளங்கியது. மகரந்தத்தில் உள்ள புரதத்தை ஒருமுறை எதிரியாகப் பதிந்துகொண்ட உடல், அதற்கென்றே ஐஜிஇ-யை உண்டாக்கி மூக்கிலும் கண்ணிலும் உள்ள மாஸ்ட் செல்கள்மீது அமர்த்தி வைக்கிறது. அடுத்த முறை அதே மகரந்தம் பட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. மற்றதெல்லாம் அதன் விளைவு. குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளைச் சமாளிக்க அமைந்த காவல் இது என்பது பலரும் ஏற்கும் கருத்து.

சைவ சித்தாந்தத்தில் துன்பத்துக்கான விடை கன்மத்தில் தொடங்குகிறது. முன்பு ஈட்டி வைத்த சஞ்சிதத்தில் இந்தப் பிறவிக்கென்று வந்த பகுதி பிராரத்தம். அதை நுகர்ந்தே கழிக்க வேண்டும். வினை தானாக வந்து ஊட்டாது, இறைவனே கூட்டி ஊட்டுகிறான் என்பது அதன் அடுத்த படி. சமணம் இறைவனை இடையில் வைக்கவில்லை. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களை விட்டுச் சென்ற அந்தச் சமயம், எண்வகை வினைகளில் வேதநீயம் என்ற ஒன்றுக்கே இன்ப துன்ப உணர்ச்சியை ஒதுக்கியது. இந்த இரண்டு விடைகளும் உள்ளுக்குள் முரணற்றவை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தும்மாதபோது நான் மட்டும் ஏன் தும்ம வேண்டும் என்ற கேள்விக்கு அவை தரும் பதிலைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. பெற்றோருக்கு ஒவ்வாமை இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம் என்கிறது மருத்துவம். வினைக்கு ஏற்ற குடும்பத்தில்தான் உயிர் பிறக்கிறது என்று சித்தாந்தி அதையும் தன் கணக்குக்குள் கொண்டுவந்துவிடலாம். எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் விளக்கத்தின் வலிமையும் பலவீனமும் அதுதான்.

துன்பம் எந்த வாயில் வழியாக வருகிறது என்று பார்த்து மூன்றாகப் பிரிக்கும் பழைய முறையும் உண்டு. தன் உடலிலும் மனத்திலும் தோன்றுவது ஆதியான்மிகம். பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். காற்று, மழை, வெயில் போன்ற மனிதன் கையில் இல்லாதவற்றால் வருவது ஆதிதைவிகம். மகரந்த ஒவ்வாமை இந்த மூன்றில் எதிலும் அடங்க மறுக்கிறது. மகரந்தம் மரம் என்ற உயிரிலிருந்து புறப்படுகிறது. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து வீசும் ஆடிக் காற்று எந்த மகரந்தத்தையும் தூசியையும் யார் மூக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியில் நோயாக ஆக்குவது அவரவர் உடல். மூன்றும் கூடாவிட்டால் தும்மலே இல்லை.

இந்தக் கூட்டுக் காரணத்துக்கு மிக அருகில் வந்த பழைய நூல் பௌத்தர்களுடையது. சங்யுத்த நிகாயத்தில் மோளியசீவகன் என்ற துறவி புத்தரிடம், மனிதன் படுவதெல்லாம் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டுகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், ஒழுங்கற்ற பழக்கவழக்கம், பிறர் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எல்லாவற்றையும் வினைமேல் போடுகிறவர்கள், தாமே அனுபவத்தில் அறிந்ததையும் உலகம் உண்மையென்று ஏற்றதையும் தாண்டிப் போகிறார்கள் என்பது அவர் முடிவு. கன்மக் கொள்கையை விடாத ஒரு மரபு, பருவம் மாறுவதையும் தனியாக எடுத்து அது வினையல்ல, வேறு காரணம் என்று சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது. ஆவணியில் தும்முகிறவர் போன பிறவியைத் துருவ வேண்டியதில்லை, கண்மாய்க்கரையைப் பார்த்தால் போதும் என்பதற்கு இதைவிடப் பழைய சமயச் சான்று கிடைப்பது அரிது.

வினையென்று ஏற்றுக்கொண்டவர் மருந்து எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. தமிழ் மரபில் இதற்குப் பெரிய தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஊழின் வலிமையை 38-ஆம் அதிகாரத்தில் பேசிய வள்ளுவர், 95-ஆம் அதிகாரத்தை மருந்துக்குக் கொடுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்குக்கும் அதில் இடமுண்டு. 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி இன்னும் துல்லியமான எடுத்துக்காட்டு. நடக்க வேண்டியது நடந்தே தீரும், நடவாதது என் முயலினும் நடவாது என்ற பொருளில் தாயாருக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். கையில் புற்று வந்தபோது 1949-இல் நான்கு முறை அறுவை செய்ய அந்தக் கையை மருத்துவர்களிடம் கொடுத்தவரும் அவரே. இதில் முரண்பாடு காண்பவர்கள், பிராரத்தத்துக்குள் மருத்துவரும் அடக்கம் என்பதை மறக்கிறார்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கு இந்த மரபில் தனி அனுமதி எதுவும் தேவையில்லை.

இதுவரை சொன்னது தனி மனிதரின் வினை. விருதுநகர் மாவட்டத்தில் கேள்வி அங்கே நிற்பதில்லை. மகரந்தத்தைக் கொட்டும் முக்கிய மரமான சீமைக்கருவேலமே மனிதர் கொண்டுவந்தது. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியப் பகுதிகளைச் சொந்த மண்ணாகக் கொண்ட அதன் விதை, 1877-இல் ஜமைக்காவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்தது. வறண்ட நிலத்தில் விறகுக்கு ஆகும் என்பது வனத்துறையின் எண்ணம். காமராஜர்தான் விதை தூவினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் முதலமைச்சர் ஆவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே மரம் வந்துவிட்டது. காரணத்தை விடக் காரணமானவரைத் தேடுவதில் மனிதருக்கு எவ்வளவு அவசரம் என்பதற்கு அந்தப் பேச்சே சாட்சி. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டில் அகற்றும் வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் மானாவாரி பொய்த்த வருஷத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த மரத்தில் போட்ட கரிமூட்டம். அடுத்தவர் மூக்குக்காக ஒருவர் அடுப்பை அணைக்கச் சொல்வது அறமா என்பதற்கு வேரோடு பிடுங்கும் எந்திரம் விடை சொல்லாது.

பட்டாசில் இதே கேள்வி நாடறிய எழுந்தது. கந்தகம், வெடியுப்பு, அலுமினியத் தூள், கரி, பேரியம் நைட்ரேட் ஆகியவற்றின் புகை மகரந்தத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் கந்தக டை ஆக்சைடும் நுண்துகளும் ஏற்கெனவே வீங்கிய மூக்குச் சவ்வைப் புண்ணாக்கும், ஆஸ்துமாவைக் கிளறும். 2015-இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், அர்ஜுன் கோபால் வழக்கு என்று அறியப்படும் மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீபாவளிக்கு வெடி வெடிப்பது மத உரிமை, அதை அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு காக்கிறது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2018 அக்டோபர் 23-இல் நீதிபதிகள் ஏ. கே. சிக்ரியும் அசோக் பூஷணும் தந்த தீர்ப்பு, உடல்நலத்தையும் உயிரையும் அச்சுறுத்தும் வழக்கத்துக்கு 25-ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லை, அந்தப் பிரிவு 21-ஆம் பிரிவின் உயிர் வாழும் உரிமைக்கு உட்பட்டது என்றது. பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி, இரண்டு மணி நேர வரம்பு. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பங்கைச் செய்யும் சிவகாசிக்கு அது பெரிய அடி. நீதிமன்றம் சமயத்தைத் தாண்டி எடைபோட்டது என்று சொல்வதைவிட, ஓர் உயிரின் மூச்சுக்குத் தொல்லை தராமை என்ற சமய அறத்தையே சட்ட மொழியில் சொன்னது எனலாம். ஆனால் அந்த அறம் தொழிலாளியின் கூலியைக் கணக்கில் எடுக்கவில்லை என்ற சிவகாசியின் குறை வெறும் வியாபாரக் குறை அல்ல.

அந்தத் தொழிலாளியைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். ஊரார் ‘பட்டாசு ஆபீஸ்’ என்று சொல்லும் இடத்தில், மருந்து அடைக்கும் அறைக்கு மின்விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. விபத்து நேர்ந்தால் ஓடுவதற்காகக் கதவுகள் திறந்தே இருக்கும். சுற்றிலும் பொட்டல், பொட்டலில் சீமைக்கருவேலம். முழங்கைவரை அலுமினியத் தூள் வெள்ளியாய்ப் படிந்த பெண், தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். ஜன்னலைச் சாத்துங்கள், காலையில் வெளியே போகாதீர்கள் என்ற வழக்கமான அறிவுரைகள் அவருக்குப் பயன்படா. மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் குளோர்பெனிரமின் மாத்திரை தூக்கம் வரவைக்கும். வெடிமருந்துக்கு முன்னால் தூங்கி விழுவது தும்மலைவிடப் பெரிய ஆபத்து. தூக்கம் வரவைக்காத ஃபெக்சோஃபெனடின் போன்றதை மருத்துவரிடம் கேட்டு வாங்குவதே அவருக்குச் சரி. பூக்காலம் தொடங்குமுன்பே மூக்கு ஸ்பிரேயை ஆரம்பிப்பது, வாயையும் மூக்கையும் மூடும் முகக்கவசம், வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்து உடுப்பை மாற்றுவது ஆகியவையும் உதவும். ஹடயோகத்தின் ஆறு தூய்மைச் செயல்களில் ஒன்றான நேதி, உப்புநீரால் மூக்கைக் கழுவும் வடிவில் இன்று அலோபதி மருத்துவரும் சொல்வதுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பயன்படுத்த வேண்டும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது அடைப்பைச் சற்று இளக்கும், ஒவ்வாமையை நீக்காது.

நோயைப் பகையாகப் பார்க்காத ஒரு சமய வழக்கம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. அம்மை போட்ட வீட்டில் அம்மனே வந்திருப்பதாகச் சொல்வார்கள், விரட்ட மாட்டார்கள். வேப்பிலை, இளநீர், தாளிக்காத சமையல், கடைசியில் தலைக்குத் தண்ணீர் என்று தணித்து அனுப்புவார்கள். விருதுநகர் பராசக்தி மாரியம்மனின் பங்குனிப் பொங்கலும், இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளியும் அந்தத் தணிப்பின் பெருவிழாக்கள். அம்மைக்கு இது மருந்தாகவில்லை, தடுப்பூசிதான் பெரியம்மையை ஒழித்தது; அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வாமையில் கொல்ல வேண்டிய கிருமி எதுவும் இல்லை. அங்கே மருத்துவமும் தணிக்கத்தான் செய்கிறது. 1911-இல் லண்டனில் லெனார்ட் நூன் தொடங்கிய சிகிச்சையில், எந்த மகரந்தம் ஆகாதோ அதையே மிகச் சிறு அளவில் ஊசியாகக் கொடுத்து, அளவை மெல்லக் கூட்டி, உடலை அதற்குப் பழக்குவார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். மாரியம்மன் வழிபாடு இதை முன்பே அறிந்திருந்தது என்று பெருமை பேச இடமில்லை. ஆகாததோடு பகைக்காமல் இருக்கப் பழகுவது என்ற எண்ணம் மட்டும் இரண்டிலும் ஒன்று.

கடைசியாக, வழிபாட்டிலேயே வரும் சங்கடங்கள். சாம்பிராணியும் ஊதுவத்தியும் மல்லிகைச் சரமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. பூசையில் புகையைத் தவிர்ப்பது குற்றம் ஆகாது. இலையும் நீரும் போதும் என்ற கொள்கை சைவத்திலும் வைணவத்திலும் பழையது. இஸ்லாத்தில் நோயாளி நோன்பை வேறு நாளில் ஈடுசெய்யக் குர்ஆனே இடம் தருகிறது. நோன்பு நேரத்தில் மூக்கில் விடும் சொட்டு மருந்து தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே பலர் ஸ்பிரேயை விடியலில் நோன்பு தொடங்குமுன்னும் மாலையில் நோன்பு திறந்த பின்னும் வைத்துக்கொள்கிறார்கள். பங்குனியில் அக்கினிச்சட்டி நேர்ந்துவிட்டு இழுப்பு வந்தவர்களுக்காக, உடன்பிறந்தவரோ பிள்ளையோ சட்டி ஏந்துவதை ஊர் ஏற்றுக்கொள்கிறது.