உதட்டை நக்கிய எலி

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெர்ரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில் வரும் எலி மனசை விட்டுப் போக மறுக்கிறது. அதன் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய முழுதாக அழித்திருந்தார்கள். எதிரே தீனி கிடந்தும் அது வாய் வைக்கவில்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்திருக்கும். ஆனால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டதும், மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிக்கொண்டது. ருசி அப்படியே இருக்கிறது, ருசியைத் தேடிப் போகும் நாட்டம்தான் செத்துவிட்டது. மனச்சோர்வில் எதிலும் இன்பமில்லை என்று ஒருவர் சொல்லும்போது, பல நேரங்களில் போயிருப்பது இந்த நாட்டம்தான் என்று நினைக்கிறேன்.

எலியை வைத்து மனிதரை அளப்பதா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மனிதருக்கென்றே ஸ்நெய்த், ஹாமில்டன் பெயரில் 1995இல் வந்த இன்ப அளவுகோலைப் பாருங்கள். அதன் 14 வாக்கியங்களில் ஒன்று, ஒரு கப் டீயோ காப்பியோ பிடித்த பானமோ குடித்தால் ரசிப்பேனா என்பது. ரசிப்பேன் என்றே ஒருவர் எழுதிவிடலாம். அடுப்பைப் பற்றவைக்க எழுந்திருப்பாரா என்று அது கேட்பதில்லை. எலியின் உதட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவது போலத்தான் இதுவும்.

இன்னொரு மறுப்பு கனமானது: இதெல்லாம் சுபாவம், நோயல்ல. எளிதில் கலங்கும் சுபாவக்காரர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்பதை மனநல ஆய்வாளர் கென்னத் கெண்ட்லரின் இரட்டையர் ஆய்வுகள் காட்டின. இரண்டுக்கும் மரபணுப் பங்கு கணிசமாகப் பொதுவானது. ஆனால் யார் விழக்கூடும் என்பது வேறு, விழுந்து கிடப்பதே அவர் குணம் என்பது வேறு. சோர்வில் இருப்பவரிடம் சுபாவத்தைக் கேட்டால் சோர்வும் சேர்ந்தே பதில் சொல்லும். தெளிந்த பிறகு கேட்டால் பதில் ஓரளவு மாறும். ஒதுங்கும் சுபாவத்தையும் சோர்வென்று எண்ணிவிடக் கூடாது: கூட்டத்தை விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பவர் தன் புத்தகத்தைத் தேடி எடுக்கிறார் அல்லவா? அவருக்கு நாட்டம் இருக்கிறது. வீட்டார்தான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆசை வரட்டும் என்று காத்திராமல் முதலில் செயலில் இறங்கு என்னும் சிகிச்சை முறை பலருக்குப் பலன் தருகிறது. இதுவும் என் கட்சிக்கே துணை. என் வாதம் இடறுவது உளவியலாளர் பால் மீல் 1975இல் முன்வைத்த ஊகத்தில்தான்: சிலர் இன்பம் காணும் திறன் குறைவாகவே பிறக்கலாம், அது அவர்கள் குற்றமல்ல என்றார். அப்படிப்பட்டவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க 'முன்பு' என்று ஒன்று கிடையாது. அவரை எழுப்பி உட்காரவைப்பது உதவியா, தொந்தரவா? எனக்குப் பிடிபடவில்லை.