பாதியில் நின்ற போர்வை யாருடையது?



சென்ற மார்கழியில் வீடு மந்திரிக்கப் போயிருந்தபோது, நம் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வீட்டில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. குருமடத்தில் வருஷக்கணக்காகத் தத்துவ சாஸ்திரமும் தேவ சாஸ்திரமும் படித்தவனுக்கு உடனே பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அடுத்த வாரம் வந்து சொல்கிறேன், அம்மா" என்று நழுவிவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததையே இங்கு எழுதுகிறேன். அவ்வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆயினும் யார் வீடு என்று நீங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிராதீர்கள்.

அந்தக் குடும்பத் தலைவர் தார்வாட் பக்கத்திலிருந்து சிப்காட் வேலைக்காக வந்தவர். மனைவி கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். அவர்களோடு இருந்த அவருடைய தாயார் ஐப்பசி மழையில் காலமானார். காரியங்களெல்லாம் முடிந்து அம்மையாரின் தகரப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் ஒரு துணி மடித்து வைத்திருந்ததாம். விரித்துப் பார்த்தால் ஒரு கௌதியின் மேல்துணி. பல நிறத் துண்டுகளை அருகருகே வைத்து இணைத்துத் தைத்திருந்தது. அடித்துணி இல்லை, நடுவில் வைக்கும் பழந்துணி அடுக்கும் இல்லை. ஒரு மூலையில் ஊசி குத்தியது குத்தியபடியே துருவேறி, துணியில் பழுப்பாய் ஒரு வட்டம் போட்டிருந்தது.

கௌதி என்று கன்னடக்காரர் சொல்வதை நம் தெலுங்குக் குடும்பத்தார் பொந்த என்பார்கள். தமிழில் கந்தை என்ற சொல் இருக்கிறது. அதுவும் வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா'வும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து பிறந்தவை. நாம் அதைக் கிழிசல் என்ற அர்த்தத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, கிழிசலைப் போர்வையாக்கும் கலையை மறந்துவிட்டோம். கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும் நம் ஓசூரில், மார்கழிக் காலையில் முதற்பூசைக்கு வருகிறவர்களுக்குப் போர்வையின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மேல்துணியில் மகனுடைய கம்பெனிச் சட்டையின் நீலம் இருந்தது. இறந்துபோன கணவருடைய வேட்டிக் கரை இருந்தது. பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் சீருடைத் துண்டு இருந்தது. நடு வரிசையில் மாம்பழ நிறத்தில் நாலு துண்டுகள். அவை மருமகளின் சேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் சேலையைக் காணோம் என்று வீட்டில் பெரிய சச்சரவு நடந்திருக்கிறது. "நான் எடுக்கவில்லை" என்று மாமியார் சாதித்திருக்கிறார். "அதுக்கப்புறம் அத்தையும் நானும் சரியாப் பேசிக்கல, சாமி. சோறு போடுவேன், சாப்பிடுவாங்க. அவ்வளவுதான்" என்றார் அந்தப் பெண்.

கேட்ட கேள்வி இதுதான்: "இதை நான் முடிக்கலாமா, சாமி? நாத்தனார், 'அம்மா கை பட்டதை யாரும் தொடக்கூடாது, அப்படியே பெட்டியில இருக்கட்டும்'னு சொல்றாங்க. எனக்கு முடிக்கணும்னு இருக்குது. ஆனா அந்த உரிமை எனக்கு இருக்குதா?"

முதலில் நாத்தனாரின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அது லேசாகத் தள்ளக்கூடியதல்ல. மேல்துணி மட்டும் தைத்து நின்றுபோவது எங்கும் நடக்கிற சங்கதி. துண்டுகளை இணைக்கும் வேலை மடியில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியது. அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் நாலு தையல், பிள்ளை தூங்கும் நேரத்தில் நாலு தையல். செலவும் இல்லை. ஆனால் மூன்றடுக்காக விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, முழுவதும் ஊடுருவத் தைப்பதற்கு அகலமான தரை வேண்டும், நாட்கணக்கில் ஓய்வு வேண்டும், கூட இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஆகையால் முதற்பாதி முடிந்து மறுபாதி நிற்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்படி நின்றுபோன மேல்துணிகள் பழம்பெட்டிகளிலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் ஒரு முறை உண்டு: காகிதத்தை அளவாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தைத்து, பிற்பாடு காகிதத்தை எடுத்துவிடுவார்கள். முடிந்த போர்வையில் காகிதம் பெரும்பாலும் இருக்காது; முடியாததில் அப்படியே இருக்கும். பழைய கடிதம், கடைக்கணக்கு, பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள் எல்லாம் அதன் முதுகில் கிடைக்கின்றன. எந்தக் காலத்தில் தைத்தார்கள் என்று இவற்றைக் கொண்டுதான் பல சமயம் கண்டுபிடிக்கிறார்கள். முடித்திருந்தால் அந்தச் சரித்திரம் போயிருக்கும். நம் வீட்டுத் துணியிலும் துருவேறிய ஊசி ஒரு சரித்திரம்தான். அவர் கடைசியாகக் கை வைத்த இடம் அது. மகளுக்கு அதை எடுக்க மனம் வராதது நியாயமே.

இப்போது மறுபக்கம். வட கன்னட ஜில்லாவில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு காட்டுப்பகுதிகளில் சித்தி என்ற வகுப்பார் வாழ்கிறார்கள். (நம் வீட்டுச் சித்தியோடு சேர்த்து எண்ண வேண்டாம்.) இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள்; பலர் போர்த்துக்கேயர் காலத்தில் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, இந்துக்களும் முகமதியரும் உண்டு. மூன்று மதத்துப் பெண்களும் கவண்டி என்ற ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். கத்தோலிக்கப் பெண்கள் சிலுவையை வைத்துத் தைப்பது வழக்கம். விஸ்கான்சின் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த ஹென்றி ஜான் ட்ரூவல் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இவர்கள் மேல்துணியைத் தனியாகத் தைப்பதில்லை. ஓரத்தில் ஆரம்பித்து, துண்டை வைக்க வைக்க அடித்துணியோடு சேர்த்தே தைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியால் முக்கோணமாய்ச் சிறு பூ வைக்கிறார்கள். ஃபூலா என்று அதற்குப் பெயர். அது இல்லாவிட்டால் போர்வை நிர்வாணமாக இருக்கிறது என்பது அவர்கள் வழக்கு.

நிர்வாணம் என்ற அந்தச் சொல் என்னை நிறுத்தியது. மூட வேண்டிய பொருள் தானே மூடப்படாமல் கிடக்கிறதென்றால், யாரோ ஒருவர் குளிரில் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? குருமடத்தில் எங்களுக்கு மனப்பாடமான ஒரு விதி உண்டு: நோக்கம் மனத்தில் முதலாவது வருகிறது, செய்கையில் கடைசியாக வந்து சேருகிறது. அந்த அம்மையார் முதல் துண்டை வெட்டியபோதே யாருக்கோ குளிர் நீங்க வேண்டும் என்று நினைத்துத்தான் வெட்டினார். பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவதற்காக யாரும் போர்வை தைப்பதில்லை. துணியைப் பத்திரப்படுத்தி அதன் நோக்கத்தைப் பட்டினி போடுவது, தாயாரின் கையை மதித்துத் தாயாரின் மனத்தை மறப்பதாகும்.

ஆனால் முடிப்பது என்றால் எப்படி முடிப்பது? இங்கேதான் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் என் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய மகா நூலாகிய 'சும்மா தெயொலோகிக்கா' முடிவு பெறாத நூல். 1273-ஆம் வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதி நேப்பிள்ஸ் நகரில் பூசை செய்தபின் எழுதுகோலைக் கீழே வைத்தவர், பிறகு அந்நூலைத் தொடவில்லை. தாம் எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தோன்றுகிறதென்று தோழரிடம் சொன்னாராம். மூன்றாம் பாகத்தில், பச்சாத்தாபம் என்ற தேவதிரவிய அநுமானத்தைப் பற்றி எழுதும் இடத்திலேயே நூல் நிற்கிறது. மறு வருஷம் மார்ச்சு 7-ஆம் தேதி, ஐம்பது வயதுகூட நிறையுமுன், அவர் மரித்தார். பின் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் அவருடைய தோழர் பிப்பெர்னோ ரெஜினால்டு என்று கருதப்படுகிறது. அவர் தம் சொந்தச் சரக்கைச் சேர்க்கவில்லை. அர்ச்சியசிஷ்டவர் வாலிபத்தில் எழுதிய வேறொரு வியாக்கியானத்திலிருந்து பகுதிகளை வெட்டி எடுத்து, வரிசைப்படுத்தி இணைத்து, 'அநுபந்தம்' என்று தனிப்பெயரிட்டுச் சேர்த்தார். சரியாகச் சொன்னால் பழந்துணியை வெட்டி ஒட்டிய கௌதி வேலைதான்! ஏழு நூற்றாண்டாகக் குருமடங்கள் அதைப் படித்து வருகின்றன. எங்கே ஆசிரியரின் கை நின்றது, எங்கே சீடரின் கை தொடங்கியது என்பதை ஒருவரும் மறைக்கவில்லை.

நம் காலத்திலும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2022-இல் அமெரிக்காவில் ஜென் சிமோனிக், மேசி கப்லான் என்ற இரண்டு சிநேகிதிகள் 'லூஸ் எண்ட்ஸ்' என்ற சேவையை ஆரம்பித்தார்கள். மரணத்தாலோ கைகால் விழுந்ததாலோ ஒருவர் பாதியில் விட்டுப்போன பின்னலையும் தையலையும், முன்பின் தெரியாத தொண்டர் ஒருவர் கூலியில்லாமல் முடித்துக் குடும்பத்தாரிடம் திருப்பித் தருகிறார். பல தேசங்களில் இதற்குத் தொண்டர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அந்நியருக்கு உரிமை உண்டென்றால், ஒரே அடுப்பில் சமைத்த மருமகளுக்கு இல்லையா?

இவ்வளவும் சொல்லிக்கொண்டே என் அலமாரியைப் பார்க்கிறேன். நானே எழுதத் தொடங்கிப் பாதியில் விட்ட நோட்டுகள் மூன்று அதில் இருக்கின்றன. அவற்றை மரணம் நிறுத்தவில்லை, சோம்பல் நிறுத்தியது. இரண்டும் வேறு வேறு. காலன் நிறுத்தியதற்கு ஒருவரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். நாமாக நிறுத்தியதை, "என் பிள்ளைகள் முடிப்பார்கள்" என்று பெட்டிக்குள் போடுகிறோமே, அது அவர்களுக்கு வைக்கும் சொத்தல்ல, கடன். மேலே சொன்னதை வைத்துக்கொண்டு யாராவது தம் வேலையைத் தள்ளிப்போட்டால் அதற்கு நான் பொறுப்பாளியல்ல.

அடுத்த வாரம் போனேன். முடிக்கலாம் என்று சொன்னேன். முதலில் துருவேறிய ஊசியை எடுத்துவிடச் சொன்னேன். துரு துணியைத் தின்றுவிடும். அந்தப் பழுப்பு வட்டத்தை மட்டும் வெட்டி எறிய வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். அத்தையின் தையலைப் பார்த்து அதேமாதிரி போட முயல வேண்டாம், உன் தையல் உன் தையலாகவே தெரியட்டும் என்றேன். தொடங்குமுன் நாத்தனாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்; அவர் வந்து நாலு தையல் போட விரும்பினால் ஒரு பக்கத்தை அவருக்கென்று விட்டுவைக்க வேண்டும்.

அப்போது அந்தப் பெண் கேட்டார்: "அப்ப சேலையை எடுத்தது அத்தைதானே, சாமி? இல்லேன்னு சொன்னாங்களே?"

இதற்கு நான் அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம். உனக்காகவே தைத்தார், ஆச்சரியப்படுத்தவே மறைத்தார் என்று கதை கட்டியிருக்கலாம். எனக்குத் தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வேன்? பொய்யென்றால் பொய்தான், மரித்தவர் சொன்னார் என்பதால் அது மெய்யாகிவிடாது. பயத்தால் சொன்னாரோ, மறதியால் சொன்னாரோ, கேட்ட விதம் சுருக்கென்று தைத்ததால் வீம்புக்குச் சொன்னாரோ, சர்வேசுரனுக்கு வெளிச்சம். அந்தப் போர்வை யாருக்கென்றுகூடத் தெரியவில்லை. பேரப்பிள்ளைக்கென்றால் பெரிது, பெரியவர்களுக்கென்றால் சிறிது. ஆனால் மரணத்தோடு கணக்கு மூடிப்போகிறதென்று நாம் நம்புவதில்லை. நம்பினால் மரித்தவர்களுக்காக ஏன் பூசை வைக்கிறோம்? அவர் மேல் உனக்கு மன்னிக்க வேண்டியது இருந்தால் தைக்கும்போது மன்னித்துக்கொள், நீ கேட்க வேண்டியது இருந்தால் அப்போதே கேட்டுக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

நாத்தனார் இன்னும் சம்மதிக்கவில்லை. மேல்துணியைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினார்களாம், பதில் வரவில்லை. சென்ற ஞாயிறு சாயங்காலம் அவ்வழியே போனபோது எட்டிப் பார்த்தேன். தரையில் பாய் விரித்து, அடித்துணியாக எதைப் போடுவதென்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாம்பழ நிறச் சேலையின் மீதி, அதே பெட்டியில் வேறொரு மூட்டைக்குள் துவைத்து மடித்தபடி கிடைத்திருக்கிறது. முக்கால் சேலை இருக்கும். கணவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண் முழம் போட்டுக்கொண்டிருந்தார்.