விளக்கு அணைந்தால் போதுமா?



கார் ஓட்டுவோர் அறிவார்கள்: வண்டியின் முகப்பில் எஞ்சின் உருவம் பொறித்த சிறு மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. எஞ்சினில் பழுது கண்டால் அது எரியும். எரிந்தாலும் வண்டி பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஓடுகிறதே என்று மனிதன் அசட்டையாயிருந்துவிடுகிறான்.

ஒருவன் விளக்கின்மேல் கறுப்பு நாடா ஒட்டி மறைக்கிறான். இன்னொருவன் பாட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டுகிறான். விளக்கு அணைகிறது, சில நாளில் மறுபடி எரிகிறது. மூன்றாமவன் சற்றுப் புத்திசாலி. குறியீடு வாசிக்கும் சிறு கருவியை வாங்கிச் செருகிப் பார்க்கிறான். ‘பி-0171’ என்று காட்டுகிறது. எரிபொருளுக்குக் காற்று மிஞ்சியிருக்கிறது என்பது அதன் பொருள்.

இதை அறிவித்தது புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார். 1976-ம் ஆண்டு வோல்வோ கார்களில் முதன்முதல் வந்த கருவி அது. புகையில் மீந்திருக்கும் பிராணவாயுவைக் கண்டு, ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த மின்சாரத்தால் சேதி சொல்லும். “சென்சார்தான் கெட்டது” என்று அவன் முடிவு கட்டி, வீட்டு வாசலிலேயே அதை மாற்றுகிறான். முறையாகவே செய்கிறான்: எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, துருப்பிடித்த மரையில் எண்ணெய் விட்டு, 22 மில்லிமீட்டர் ஸ்பானரால் கழற்றி, புதியதின் முனையில் கை படாமல் முறுக்கி, குறியீட்டையும் அழிக்கிறான். சில நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது!

காரணம் என்ன? பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தது. எஞ்சின் ஓடுகையில் காது கொடுத்திருந்தால் ‘உஸ்’ என்ற ஓசை கேட்டிருக்கும். குற்றவாளி குழாய், தண்டனை பெற்றதோ சாட்சி!

சகோதரரே, சர்வேசுரன் நம் ஆத்துமத்தில் ஏற்றிய விளக்கு மனச்சாட்சி. ஒரு குடும்பத் தகப்பன் மாதந்தோறும், “கோபப்பட்டேன், பிள்ளைகளை அடித்தேன்” என்று பாவசங்கீர்த்தனம் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மனஸ்தாபமும் உண்டு, பிரதிக்கினையும் உண்டு. ஆயினும் மறுமாதமும் அதே கோபம். கோபம் குறியீடு மாத்திரமே. வெடித்த குழாய் எது? மனைவி அறியாமல் வாங்கிய கடன்! கடன்காரன் வாசலில் வந்து நிற்பானோ என்ற பயம், மாலைதோறும் பிள்ளைகளின் முதுகில் அடியாய் விழுகிறது. அவன் அன்றிரவே மனைவியிடம் உள்ளதைச் சொல்லட்டும். வெட்கமாயிருக்கும், ஆனால் குழாய் அடைபடும்.

சில வேளை சென்சாரே கெடுவதுமுண்டு. எண்ணெய் எரிந்த கரி படிந்து அது மந்தமாகிவிடும். பாவப் பழக்கத்தால் மனச்சாட்சியும் அவ்வாறே மந்தமாகும். விளக்கு எரியவில்லை என்பதால் பழுதில்லை என்று எண்ணாதீர்கள்.

இன்னொன்று. விளக்கு நிலையாய் எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், வண்டியை உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். தாமதித்தால் புகையைச் சுத்தி செய்யும் பாகமே வெந்து பாழாகும். சாவான பாவத்தில் இருக்கிறவனும், நாளைக்குப் பார்ப்போம் என்று ஒரு மைல்கூடப் போகத் துணியலாகாது.

ஆகையால் இந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வருமுன், கால் மணி நேரம் மௌனமாய் உட்கார்ந்து காது கொடுங்கள். எங்கிருந்து ‘உஸ்’ என்கிறது என்று தேடுங்கள். விளக்கை அணைக்க வராதீர்கள். பழுதைத் தீர்க்க வாருங்கள். ஆமென்.