யோபுவின் கதையும் நீலகண்டபிள்ளையின் கவலையும்

நட்டாலம் நீலகண்டபிள்ளை திருவிதாங்கூர் அரசில் அதிகாரி, வசதியான குடும்பம். அவருக்குப் பணக்கவலை வந்தது, இருந்தவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனதால். தொழுவத்தில் மாடுகள் மாண்டன; வயலில் விளைச்சல் கெட்டது. அவருடைய முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டவர் டி லனாய். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் பிடிபட்டு, பின்னர் அதே அரசரின் படைக்குப் பயிற்சி அளித்த டச்சுத் தளபதி அவர். பிள்ளைக்கு அவர் சொன்னது வேதாகமத்திலுள்ள யோபுவின் கதை.

யோபு 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் 500 ஏர்மாடுகளும் வைத்திருந்த செல்வர். எல்லாம் ஒரே நாளில் போயின. பிள்ளைகள் பத்துப் பேரும் போனார்கள். துக்கம் கேட்க வந்த மூன்று நண்பர்கள், ஏதோ பாவம் செய்ததால்தான் இந்தக் கதி என்று மாறிமாறி வாதிட்டார்கள். யோபு அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டதும் அந்த நண்பர்கள்மீதுதான். 42 அதிகாரங்கள் கொண்ட நூலில், இழந்த செல்வம் இரட்டிப்பாகத் திரும்புவது இறுதி அதிகாரத்தின் சில வசனங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் இன்றைய செழிப்பு உபதேச மேடைகளில் அந்தச் சில வசனங்களே நூல் முழுவதும் என்பதுபோல முழங்குகின்றன.

மாடு செத்துக் கலங்கி நின்றவருக்கு இந்தக் கதை ஏன் ஆறுதலானது? பணக்கவலையில் இரண்டு பாரங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, நாளைய செலவுக்கு என்ன வழி என்பது. மற்றது, எனக்கு ஏன் இப்படி, நான் என்ன குற்றம் செய்தேன், ஊர் என்ன சொல்லும் என்பது. கடனாளி தூக்கம் இழப்பது பெரும்பாலும் இரண்டாவதால்தான். யோபுவின் கதை அதைத்தான் இறக்கி வைக்கிறது: இழப்பு தண்டனை ஆகாது, செல்வம் நற்சான்றிதழும் ஆகாது.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று நீலகண்டபிள்ளை தேவசகாயம் ஆனார். மாடுகள் திரும்பவில்லை. பதவியும் போனது. 1749இல் கைதாகி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. விசுவாசித்தால் பணம் வரும் என்று காட்ட இவ்வளவு பொருந்தாத உதாரணம் வேறு கிடைக்காது. பணத்தை இழக்கும் பயம் ஒருவரைவிட்டு நீங்கியதற்கு, இதைவிடப் பொருத்தமான உதாரணமும் குமரி மாவட்டத்தில் இல்லை.

முதல் பாரம், அதாவது நாளைய செலவு, கதையால் தீராது. வானத்துப் பறவைகளையும் காட்டுப்பூக்களையும் பார்க்கச் சொன்ன இயேசுவின் மலைப்பிரசங்கம் உழைப்பை விடச் சொல்லவில்லை. இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்ற எச்சரிக்கையை அடுத்தே அந்தப் பகுதி வருகிறது. குமரி மாவட்டத்துச் சபைகள் அதை நடைமுறையில் புரிந்துகொண்டன. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் ஏழை வீட்டுப் பெண்ணையும் கொடுப்பவளாக்கியது. கையேந்துபவள் என்ற எண்ணம் அவள் மனத்தில் தங்க இடமில்லை. நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டு தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான்.

கடற்கரையில் கணக்கு வேறு. வலைக்கும் இயந்திரத்துக்கும் தரகரிடம் முன்பணம் வாங்கியவர், மீனை அவரிடமே அவர் சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் மீனவர்களைக் கூட்டி ஊர்ச் சங்கங்கள் அமைத்தது. மீன் சங்கத்தின் வழியாக ஏலம் போகும். விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கும் இன்னொரு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்படும். மீன்பாடு இல்லாத நாளில் பிடித்தமும் இல்லை. மாதத் தவணை கேட்கும் வங்கிக்குப் புரியாத ஒழுங்கு இது. அன்றன்றைக்கான உணவை மட்டும் கேட்கும் ஜெபத்தைச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

இவ்வளவுக்கும் அசையாத கவலை ஒன்று உண்டு. பெண்ணைக் கட்டிக்கொடுக்க நகையும் ரொக்கமும் வேண்டும் என்ற நெருக்கடி கிறிஸ்தவக் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. வரதட்சணை வேண்டாம் என்று பிரசங்கம் செய்பவர்கள் இருக்கிறார்கள்; அதே கோயிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கப்படும் கல்யாணத்தில் எவ்வளவு பவுன் என்பதை ஊரே பேசிக்கொள்கிறது. இந்தக் கவலைக்குக் காரணம் குறைந்த வருமானமோ பொய்த்த மீன்பாடோ அல்ல, பக்கத்து வீட்டுக் கல்யாணம். யோபுவின் நண்பர்கள் இன்று வந்தால் பாவத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். எத்தனை பவுன் போட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள்.