வாக்குப்பொறியின் செலவு யாருடையது?

2000ஆம் ஆண்டின் அமெரிக்க சனாதிபதித் தேர்தலில் புளோரிடாவின் முடிவை நிர்ணயித்த வாக்குகள் 537. துளை சரியாக விழாத அட்டைகளை அதிகாரிகள் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்த காட்சி அந்நாட்டை நாணச் செய்தது. 2002இல் புதிய சட்டம் பிறந்தது. பொறிகளை வாங்கவும் தேர்தல் நிருவாகத்தைச் சீர்செய்யவும் மத்திய அரசு 300 கோடி டொலருக்கு மேல் வழங்கிற்று.

ஆயின் பொறியை வாங்குதல் ஒருநாட் செலவு. பேணுதல் ஓயாச் செலவு. மின்கலம், ஈரமற்ற களஞ்சியம் (பொறிக்கும் குடியிருப்பு வேண்டுமன்றோ!), தேர்தல்தோறும் வேட்பாளர் விபரங்களைப் பதித்தல், திருத்துநர் கூலி ஆகிய யாவும் பெரும்பாலும் 'கவுண்டி' எனப்படும் உள்ளூராட்சியின் தலையிலேயே விழுந்தன. பொறியோ பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மூப்படைவது. செல்வமிக்க கவுண்டி புதியதை வாங்கும். வறியது பழையதையே செப்பனிட்டுக் காலங்கழிக்கும். இரு சாராரும் தெரிவதோ ஒரே சனாதிபதியை. ஒரு சாராரின் வாக்கு மட்டும் தளர்ந்த பொறியை நம்பியிருத்தல் சமத்துவமாகுமா?

வாக்காளரிடமே அறவிடலாமெனில், அவ்வழி அடைபட்டது. கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமையை வரியோடு பிணைப்பதை 1964இன் 24ஆவது அரசியலமைப்புத் திருத்தம் விலக்கிற்று. மத்திய அரசே முழுதும் ஏற்பின், பணந்தருவோர் பிடி இறுகுமென்பர். அவ்வச்சம் வீணன்று. இலங்கையில் 2023 மார்ச் 9இல் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பொறியேதுமற்ற கடதாசி வாக்களிப்பாயிருந்தும், திறைசேரி நிதியை விடுவிக்காமையால் தடைப்பட்டது. 2024இல் உயர் நீதிமன்றம் அதனை அடிப்படை உரிமை மீறலெனத் தீர்த்தது.

ஆதலின், சனாதிபதியும் காங்கிரசும் தெரியப்படும் நாளின் செலவில் மத்திய அரசின் பங்கைச் சட்டமே நிர்ணயித்தல் வேண்டும். கவுண்டிகள் ஆண்டுதோறும் இரந்து பெறும் மானியமாக அது இருத்தலாகாது.